துண்டு கட்டிய வால்வு

‘ஒரே குழாய்’ – அத்தியாயம் 17

போன அத்தியாயத்தில் ஹஃபீஸா, "நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாளே, அன்றைக்குப் புதன்கிழமை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசியது ஒரே ஒரு தடவை. "பைக் சாவி எங்கே?" என்று அவர் கேட்டார். "மாட்டின இடத்துல" என்று இவள் சொன்னாள்.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கோவில்பத்தைத் தாண்டி ஒரே வரிசையில் மூன்று தொழில்கள். மூன்றுக்கும் ஆவி வேண்டும். சிவநாதனின் ரைஸ்மில்லில் நெல் அவிக்க. அடுத்திருக்கும் சேமியா கம்பெனியில் வேகவைத்துக் காயவைக்க. ஹஃபீஸாவின் லாண்டரியில் திருநள்ளாறு லாட்ஜ்களின் துண்டையும் போர்வையையும் துவைத்து, சூடான உருளையில் கொடுத்துத் தேய்க்க. முன்பு மூன்று பேருக்கும் தனித்தனி பாய்லர், தனித்தனி புகைபோக்கி. எரிந்ததெல்லாம் சவுக்கு விறகு. அந்த விறகைப் போட்டவர் ஹஃபீஸாவின் கணவர் நஸ்ருதீன். விறகுவாடி வைத்திருப்பவர்.

அப்போதுதான் ஹஃபீஸாவின் தம்பி ரஃபீக் கல்ஃபிலிருந்து திரும்பி வந்தான். அங்கே அவன் வேலை பார்த்த இடத்தில் ஒரே கூடத்தில் குளிர்ந்த தண்ணீரைத் தயாரித்து, நாற்பது கட்டடங்களுக்குக் குழாயில் அனுப்பி அத்தனையையும் குளிரவைப்பார்கள். குளிரை அனுப்பலாம் என்றால் சூட்டை அனுப்பக் கூடாதா என்று கேட்டான். சிவநாதன் மில்லின் உமியை எரித்து ஒரே பாய்லர் போட்டான். கம்பத்தின் மேல் குழாய் இழுத்தான். விறகே வேண்டாம். மூன்று புகைபோக்கி ஒன்றாகி, சுற்றியிருப்பவர்கள் மொட்டை மாடியில் மறுபடி துணி காயப்போட ஆரம்பித்தார்கள்.

எல்லாருக்கும் நல்லதுதான், நஸ்ருதீனைத் தவிர.

லாண்டரி அந்தக் குழாயிலிருந்து விலக வேண்டும், பின்பக்கம் கிடக்கும் பழைய விறகு பாய்லருக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அப்படி எழுதிய பேப்பரில்தான் அவள் கையெழுத்தைக் கேட்கிறார். மூன்று பேருக்கென்று செய்த பாய்லர் இரண்டு பேரை வைத்து ஓடாது. லாண்டரி விலகினால் ரஃபீக் கடையைக் கட்ட வேண்டியதுதான். இது ஹஃபீஸாவுக்கும் தெரியும், நஸ்ருதீனுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

காலை ஒன்பது மணிக்கு நஸ்ருதீன் லாண்டரிக்குள் வந்தார். கையில் ஃபைல்.

"படிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்தா கையெழுத்துப் போடணும்."

"பாத்ததாலதான் போடலை."

துண்டு மடித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையை நிமிர்த்தவில்லை. காதுகளை மட்டும் நிமிர்த்தினார்கள்.

"உன் தம்பி மூட்டின நெருப்புல என் வாடி எரியுது ஹஃபீஸா. அது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. அதுக்காக இன்னொருத்தன் அடுப்புல தண்ணிய ஊத்தச் சொல்றீங்களே, அதுவும் தெரியுது."

"இன்னொருத்தன்னு ஏன் சொல்றே? என் கூடப்பொறந்தவன்னு சொல்லு."

"உங்களுக்கு மச்சான் முறைதானே. நீங்களும் சொல்லிக்கலாம்."

நஸ்ருதீனுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. துடைக்க எதையாவது தேடி அவர் கை பக்கத்து அடுக்கின் மேலிருந்த துண்டுக்குப் போனது. பாதியில் நின்றது. எதிர்ச் சுவரில் ஹஃபீஸா கைப்பட எழுதி ஒட்டிய அட்டை இருந்தது. ‘எல்லாம் அமானிதம். யாரும் கை துடைக்கக் கூடாது.’

அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருள், அதில் நம்முடைய வியர்வை படக் கூடாது என்பது அவள் சட்டம். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் அவர் ஒரு லாட்ஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபோது, இத்தனை பெண்களையும் வைத்துக்கொண்டு, "கீழே வைங்க. அது உங்களுதில்ல" என்று சொன்னாள். அவரும் வைத்தார். ஆனால் மனசுக்குள் அதை இன்னும் கீழே வைக்கவில்லை.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஃபைலை மேஜையில் போட்டார்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ போடுவே."

"எப்படிப் போடுவேன்?"

"போடுவே" என்றார் மறுபடி. போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குழாய்க்கு ஒரு தனி வழக்கம் உண்டு. பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை லாண்டரி ஆவி எடுக்காது. ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார்கள். பெண்கள் உள்ளறையில் தொழுது, சாப்பிட்டு, சற்று உட்காருவார்கள். அந்த ஒன்றரை மணி நேரமும் முழு ஆவியும் சிவநாதனுக்கு. வரிச்சிக்குடியிலிருந்து வரும் மில் ஆட்கள் அதற்கு ‘ஜும்ஆ ஸ்டீம்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். அந்த நேரத்துக்குக் கணக்காக நெல்லை ஊறப்போட்டு வைத்திருப்பார்கள்.

லாண்டரியில் உருளை ஆறிக் கிடப்பதும் அப்போதுதான். அதைத் துடைத்துச் சுத்தம் செய்வது லாண்டரிப் பெண்களில் ஒருத்தியான ஷஃபீனாவின் வேலை. இரும்பு உருளைக்கு அடியில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றி, தேங்கின அழுக்குத் தண்ணீரை வடிக்க வேண்டும். ஆவி உள்ளே வராதவரைக்கும் ஆபத்தில்லாத வேலை.

வராமல் பார்த்துக்கொள்ளத்தான் துண்டு.

வெளியே கிழக்குச் சுவர்க் கம்பத்தில் லாண்டரிக்கான வால்வு இருக்கிறது. அதை மூடி, அதன் சக்கரத்தில் ஓர் ஈரத் துண்டைக் கட்டிவிடுவார்கள். துண்டு இருந்தால் உள்ளே ஆள் வேலை செய்கிறது, தொடாதே. துண்டு இல்லை என்றால் திறக்கலாம். ஈரத் துண்டு ஏன் என்றால், மூடின வால்வில் ஆவி கசிந்தால் துண்டு சீக்கிரமாகக் காய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இதெல்லாம் ஹஃபீஸாவின் யோசனை. அதற்கென்றே சொந்தத்தில் ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி, லாட்ஜ் துண்டுகளோடு கலந்துவிடாமலிருக்க ஓரத்தில் சிவப்பு நூலால் தைத்து வைத்திருந்தாள்.

"கல்ஃப்ல இதுக்குப் பூட்டு போடுவோம் லாத்தா. சாவி உள்ளே வேலை செய்றவங்க இடுப்புல இருக்கும்" என்று ரஃபீக் முதல் வாரமே அக்காவிடம் சொன்னான். "வாங்கிட்டு வந்துடுறேன்." அதைச் சொல்லி ஏழு மாதம் ஆகிறது.

அன்று பன்னிரண்டே காலுக்கு ஹஃபீஸாதான் வால்வை மூடினாள். அவள்தான் துண்டையும் கட்டினாள். கடற்காற்று இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எப்போதும்போல இரட்டை முடிச்சு.

உள்ளே திரும்பும்போது பக்கத்துக் குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நஸ்ருதீன் ஒளுச் செய்துகொண்டிருந்தார். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கைகால் கழுவ இடம் கிடைக்காது என்று, வாடியிலிருந்து வந்து இங்கே முடித்துக்கொண்டு போவது அவர் பழக்கம். பேச்சு நின்ற பிறகும் பழக்கம் நிற்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய் லுஹர் தொழப் பாயை விரித்தாள்.

ஒன்று நாற்பதுக்கு ஷஃபீனா அலறினாள்.

ஆவி வெள்ளையாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குழாயை விட்டு வரும் இடத்தில் அது கண்ணுக்கே தெரியாது. கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் வெள்ளையாகும். ஷஃபீனாவின் வலது கை அந்தத் தெரியாத இடத்தில் இருந்தது.

ஹஃபீஸா ஓடிவந்தபோது அந்தப் பெண் சுவரோரம் சரிந்து கையைத் தூக்கிப் பிடித்தபடி, "எரியுது லாத்தா, எரியுது லாத்தா" என்றாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழண்டிருந்தது. இரண்டு பேர் தண்ணீரை ஊற்றினார்கள். ஒருத்தி வெளியே ஓடிப்போய் வால்வை மூடினாள். ஷஃபீனாவின் அண்ணன் சஃபியுல்லாவுக்குப் போன் பறந்தது. அவன் ஆட்டோவோடு வந்து தங்கையை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். போகும்போது எல்லாரையும் ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வை போதும்.

ஹஃபீஸா கம்பத்தடிக்குப் போனாள். வால்வுச் சக்கரம் வெறுமனே இருந்தது. கீழே தேடினாள், வேலியோரம் தேடினாள். துண்டைக் காணோம்.

மூன்று மணிக்கு லாண்டரி முற்றம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது.

ரஃபீக் பாய்லரையே நிறுத்திவிட்டிருந்தான். அதனால் சிவநாதன் கத்திக்கொண்டு வந்தார்.

"ஊறல் தொட்டியில இன்னொரு ஈடு நெல்லு கெடக்குதுய்யா! பொழுது சாயறதுக்குள்ள அவிக்கலேன்னா நாத்தம் எடுத்துடும். யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"ஒரு பொண்ணு கை வெந்துபோயிருக்கு சார்."

"எனக்கும் வருத்தந்தான். அதுக்கு என் நெல்லு என்ன பண்ணும்? இங்க எரியறது என் உமி. நாளைக்கு வேற எவனுக்காச்சும் லோடு ஏத்திவிட்டேன்னா, உன் பாய்லர்ல நீ எதைப் போட்டு எரிப்பே?"

வால்வைத் திறந்தவர் சோமசேகரன். பாய்லர் பார்க்கிறவர், சுரக்குடிக்காரர். நடு முற்றத்தில் நின்று கைகூப்பாத குறையாகப் பேசினார்.

"மில்லுல சீக்கிரமே வெந்துடுச்சும்மா. சரி, லாண்டரிக்குத் திருப்பிவிடலாம்னு வந்தேன். துண்டு இருந்தா தொடுவனா? எம் புள்ளைங்க மேல சத்தியமா துண்டு இல்ல."

"நானே கட்டினேன் சோமசேகரன். ரெண்டு முடிச்சு."

"இல்லியேம்மா! இருந்துச்சுன்னா நான் ஏம்மா..."

இதற்குள் நஸ்ருதீன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். தொழுகை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, தலையில் இன்னும் தொப்பி.

"அவரை ஏன் கேக்குறீங்க? இதோ நிக்கிறான்ல, இவனைக் கேளுங்க" என்று ரஃபீக்கைக் காட்டினார். "ஊரையே ஒரே குழாயில கட்டிப்போட்டான். ஒருத்தன் வால்வைத் திறந்தா இன்னொருத்தி கை வேகுது. தனித்தனியா இருந்தப்ப எவ கையாச்சும் வெந்துச்சா? சொல்லுங்க!"

"மச்சான், கொஞ்சம் மெதுவா..."

"என்னாடா மெதுவா? மனுச உசுருக்கு ஒரு துண்டைக் காவல் வச்சுருக்கே. துண்டை நம்பி பாய்லர் நடத்துறான் பாருங்க, வெளிநாட்டுல வேலை பாத்துட்டு வந்தவன்!"

அதில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. ஹஃபீஸாவுக்கும் தம்பியின்மேல் அடங்காத ஆத்திரம்.

"பூட்டு எங்கடா?" என்றாள்.

"லாத்தா..."

"ஏழு மாசமா வாங்கிட்டு வர்றேன் வாங்கிட்டு வர்றேன்னியே, அந்தப் பூட்டு எங்க? அங்க வெள்ளைக்காரன் நின்னு பாத்தா பூட்டு போடுவே. இங்க நம்ம லாத்தாதானேன்னு துண்டு போதுமா?"

"துண்டே நல்லாத்தானே இருக்குன்னு நீங்கதானே லாத்தா சொன்னீங்க."

சொன்னாள்தான். தன் யோசனையில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அது இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அந்த நேரத்தில் போன் அடித்தது. சஃபியுல்லா.

"லாத்தா, கைக்குக் கட்டுப் போட்டுட்டாங்க. மருந்து குடுத்துத் தூங்க வச்சிருக்காங்க. போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து ஆள் வந்திருக்கு, எழுதிக் குடுக்கணும். யாரு மேலன்னு பேரு கேக்குறாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நஸ்ருதீன் பாய் வந்து உங்க தம்பி பேரைக் குடுக்கச் சொன்னாங்க. நான் எழுதலை. என் தங்கச்சி உங்ககிட்டதான் வேலை செய்யுது. நீங்க சொல்லுங்க. இருட்டுறதுக்குள்ள, மஃரிபுக்குள்ள சொல்லுங்க லாத்தா. அதுக்குமேல நான் காத்திருக்க மாட்டேன்."

ஹஃபீஸா போனைக் கையில் பிடித்தபடியே கணவரைப் பார்த்தாள். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆஸ்பத்திரிக்கே போய் மச்சினன் பேரைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்.

அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். கையை வீசி வீசிப் பேசியதில் தோளிலிருந்த துண்டு நழுவியது. இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி நழுவியது.

ஓரத்தில் சிவப்பு நூல்.

அத்தனை பேர் நின்ற இடத்தில் அதைப் பார்த்தது அவள் மட்டும்தான். லாண்டரியில் ஒரு ஆளின் தோளில் துண்டு கிடப்பதை யார் கவனிப்பார்கள்?

"கொஞ்சம் பின்பக்கம் வாங்க" என்றாள் அவரிடம்.

"எதுவா இருந்தாலும் இங்கேயே பேசு. எல்லாரும் கேக்கட்டும்."

"வாங்கன்னேன்."

இரண்டு நாளில் அவள் அவரிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவர் வந்தார்.

லாண்டரிக்குப் பின்னால் பழைய விறகு பாய்லர் துருப்பிடித்து நின்றது. அதன் பக்கத்தில் நின்று அவள் கையை நீட்டி, அவர் தோளிலிருந்த துண்டை உருவினாள். விரித்துப் பார்த்தாள். நாள் முழுக்கத் துணியோடு கிடக்கிறவள் அவள். ஈரத்தில் இறுகிய முடிச்சின் சுருக்கம், நடுவில் இரண்டு இடத்தில், அப்படியே இருந்தது.

நஸ்ருதீன் துண்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"யா அல்லா" என்றார்.

"அவிழ்த்தீங்களா?"

"ஹஃபீஸா..."

"அவிழ்த்தீங்களா, இல்லையா?"

"அவிழ்த்தேன்." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினார். "ஒளுச் செஞ்சு நிமுந்தேன். முகத்துல தண்ணி சொட்டுது, பாங்கு சொல்லிட்டாங்க. தொடைக்க ஒண்ணும் இல்ல."

"உள்ளே நானூறு துண்டு காய்ஞ்சு அடுக்கியிருக்கு. உங்களுக்கு முடிச்சுப் போட்ட ஈரத் துண்டுதான் கெடைச்சுதா?"

நஸ்ருதீன் தலையை நிமிர்த்தினார். கண் சிவந்திருந்தது.

"நீதானே சொன்னே? அத்தனையும் அமானிதம், தொடாதேன்னு? கீழே வைங்க, அது உங்களுதில்லன்னு இத்தனை பொம்பளைங்க முன்னாடி சொன்னியே? உன் லாண்டரில இருக்குற நானூத்துல ஒண்ணுகூட எனக்கில்ல. நம்ம வீட்டுத் துண்டு இது ஒண்ணுதான். அதான் எடுத்தேன். தொடைச்சேன், தோள்ல போட்டேன். வந்து கட்டிடலாம்னு நெனைச்சேன், மறந்துட்டேன். போதுமா?"



அவள் எழுதிய அட்டை. அவள் போட்ட சட்டம். அவள் வெட்கப்படுத்திய மனுஷன். இந்தக் கட்டடத்தில் தன்னுடையது என்று எடுக்க அவருக்கு அந்த ஒரு துண்டைத்தான் அவள் விட்டுவைத்திருந்தாள். அது நிஜம்தானே? ஷஃபீனாவின் கையை வேகவைத்தது தன் வாய்தானா? துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சஃபியுல்லாகிட்ட இதைச் சொல்லிடுவோம்" என்றாள் மெதுவாக. "தெரியாம நடந்ததுன்னு சொல்லுவோம். நானும் கூட வர்றேன்."

"பைத்தியமா உனக்கு? எல்லாரும் உன் தம்பியத்தான் சொல்றாங்க. அப்படியே போகட்டும். அவன் சமாளிச்சுக்குவான். நீ அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடு, நம்ம வேலையை நாம பாப்போம்."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

நஸ்ருதீன் திடுக்கிட்டார். அவளை விட்டுவிட்டு முன்பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். அவள் பின்னாலேயே வந்தாள், துண்டோடு.

கேட்டுக்கு வெளியே ஒரு லாரி. நெஞ்சுயரத்துக்குச் சவுக்குக் கட்டைகள். விறகுவாடியின் டிரைவர் நாகூர் மீரான் இறங்கி வந்து சலாம் சொன்னார்.

"எங்க பாய் எறக்குறது? பின்னாடியா?"

"இப்ப வேணாம். போ, அப்புறம் பேசிக்கலாம்" என்று நஸ்ருதீன் கேட்டுக்கு வெளியே போய் அவர் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாகத் திருப்பினார்.

"என்னா பாய், நீங்கதானே சொன்னீங்க? வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்கு அப்புறம் லாண்டரில எறக்கு, சனிக்கிழமையிலேர்ந்து பழைய பாய்லர் ஓடும்னு?"

"எப்ப சொன்னாங்க மீரான்?" என்றாள் ஹஃபீஸா.

நாகூர் மீரான் வெள்ளந்தி. "நேத்துக் காலையிலயே சொல்லிட்டாங்களே லாத்தா."

சிவநாதன்கூடக் கேட்டுப் பக்கம் திரும்பினார்.

ஹஃபீஸா கேட்டுக்கு உள்ளே, கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்றாள். நஸ்ருதீன் அந்தப் பக்கம்.

"கையெழுத்துப் போட மாட்டேன்னு புதன்கிழமையே சொல்லிட்டேன்" என்றாள். "வியாழக்கிழமை காலையில எந்த தைரியத்துல விறகு சொன்னீங்க?"

"நீ எப்படியும் வழிக்கு வருவேன்னு..."

"எப்படி? எது என்னை வழிக்குக் கொண்டாரும்னு நெனைச்சீங்க?"

அவர் லாரியைப் பார்த்தார். டிரைவர் ஒரு எட்டு பின்னால் போனார்.

"யாருக்கும் காயம் படணும்னு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அப்படியென்றால் முகம் துடைக்க எடுத்த துண்டு இல்லை, தெரிந்தே அவிழ்த்த துண்டு.

ஹஃபீஸா கேட்டை இழுத்துச் சாத்தினாள். கொண்டியைப் போட்டாள். சிவப்பு நூல் துண்டைச் சுருட்டிக் கொண்டியின் மேல் சுற்றி ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

"ஹஃபீஸா, என்ன பண்றே? எல்லாரும் பாக்குறாங்க. கேட்டைத் திற."

"துண்டு கட்டியிருந்தா உள்ளே வரக் கூடாது. அவிழ்க்கத்தான் உங்களுக்கு நல்லாத் தெரியுமே. முடிஞ்சா இப்ப எல்லாரும் பாக்க அவிழ்த்துட்டு வாங்க."

நஸ்ருதீனின் கை கம்பியைப் பிடித்தது. துண்டுக்குப் போகவில்லை.

ஹஃபீஸா போனை எடுத்தாள். முதல் மணியிலேயே சஃபியுல்லா எடுத்தான்.

"பேரு கேட்டியே தம்பி, எழுதிக்க. முதல்ல என் பேரைப் போடு. துண்டு போதும்னு சொன்ன முதலாளி நான்தான். ரெண்டாவது என் தம்பி ரஃபீக். பூட்டு வாங்காம ஏழு மாசம் இழுத்தடிச்சவன்."

"லாத்தா!" என்றான் ரஃபீக் பின்னாலிருந்து. அவள் திரும்பவில்லை.

"இன்னும் ஒரு பேரு இருக்கு. நான் சொல்ல மாட்டேன். அவங்க இங்கேயே நிக்கிறாங்க, அவங்களே சொல்லட்டும்."

கேட்டுக் கம்பிகளின் நடுவே கையை விட்டு, போனைக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்குவாரா மாட்டாரா என்று முற்றமே பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கினார். காதில் வைத்தார்.

எதிர்முனையில் சஃபியுல்லா பேசுவது கேட்டுக்கு உள்ளேயும் கேட்டது.

"ஹலோ? யாருங்க பேசுறது? பேரைச் சொல்லுங்க."